வெட்டிவேர் கடல் கடந்த கதை

நேயர்களே, சென்ற கோடையில் என் மைத்துனர் மகன் சென்னையிலிருந்து கப்பலேறி, மூன்று நாள் கடற்பயணத்திற்குப் பின், தெற்கு அந்தமானில் பெரார்கஞ்சிலுள்ள எங்கள் இல்லத்திற்கு வந்து சேர்ந்தான். அவன் பெட்டியிலிருந்து இரண்டு பொருள்கள் வெளிவந்தன. ஒன்று, என் தாயார் பழைய வேட்டித் துணியில் முடிந்து அனுப்பியிருந்த வெட்டிவேர்க் கட்டு. மற்றொன்று, அவன் தன் முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிய சிறு கண்ணாடிப் புட்டி. ஆடவர் பூசிக்கொள்ளும் வாசனை நீர். புட்டியின் மேல் உரோமானிய எழுத்தில் ஒரே ஒரு சொல் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருந்தது. அதனை அவன் பிரெஞ்சு மொழி பயின்றவனைப் போல நுனிநாவில் உருட்டி, "வெத்திவேர்" என்று வாசித்தான். வேர்க்கட்டோ அவன் முழங்கையருகே பிரிக்கப்படாமலே கிடந்தது. "மாமா, இது பிரெஞ்சுச் சொல், இதற்கு நம் மொழியில் என்ன பெயர்?" என்று என்னைக் கேட்டான்.

ஒரே சொல்லில் விடை கூறினேன். அவன் நகைத்தான். "நீங்கள் எதைக் கண்டாலும் தமிழ் என்பீர்கள், மாமா" என்றான். அவன் நகைத்ததில் தவறில்லை. உலகிலுள்ள ஊர்ப்பெயர்களையும் ஆற்றுப்பெயர்களையும் ஒலி ஒற்றுமை ஒன்றையே பற்றிக்கொண்டு தமிழாக்கிக் காட்டுவோர் நம்மிடையே உண்டு. அத்தகைய பேச்சுகளைக் கேட்டுப் பழகிய இளைஞர், உண்மையான உறவை எடுத்துரைக்கும்போதும் நம்ப மறுக்கின்றனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அவனுடைய ஐயத்தைச் சான்று காட்டித் தீர்ப்பது கடமை என்று பட்டது. அதன்பொருட்டுத் தேடித் தொகுத்த செய்திகளையே இப்பொழுது தங்கள் முன் வைக்கின்றேன்.

பெயர்கள் இடம்விட்டு இடம் பெயர்வது இத்தீவில் வாழும் எங்களுக்குப் புதிதன்று. பெரார்கஞ்ச் என்னும் பெயரையே பாருங்கள். 1923 முதல் 1931 வரை இத்தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த பெரார் என்னும் பிரிட்டிஷ் அதிகாரியின் பெயர் அதன் முற்பாதி. வடநாட்டில் அங்காடியைக் குறிக்கும் கஞ்ச் என்னும் சொல் பிற்பாதி. இங்கு வங்காளியரும் மலையாளிகளும் தெலுங்கரும் ராஞ்சி வட்டாரத்து மக்களும் தமிழரும் தம்முள் இந்தியிலேயே பேசிக்கொள்கின்றனர். எங்கள் தலைநகராகிய போர்ட் பிளேர் 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஒரு பெயர் எங்கிருந்து வந்தது, யார் வாயிலாக வந்தது, ஏன் நிலைத்தது என்று வினவுவது இங்குள்ளோர்க்கு இயல்பாகிவிட்ட பழக்கம்.

முதலில் சொல்லின் சான்றைக் காண்போம். ஆங்கில அகராதிகள் இச்சொல் பிரெஞ்சின் வழியாக வந்ததென்றும், அதன் மூலம் தமிழே என்றும் குறிக்கின்றன. 1886-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியமும், பிரெஞ்சுக்காரர் இந்த நறுமணப் புல்லுக்கு வழங்கும் பெயர் தமிழ்ச் சொல்லே என்று பதிவு செய்துள்ளது. ஆங்கிலேயர் இதே வேரைக் 'கஸ்கஸ்' என வடநாட்டுப் பெயரால் அழைக்க, பிரெஞ்சுக்காரர் மட்டும் வெட்டிவேர் என்றது ஏன்? ஆங்கிலேயரின் ஆட்சித் தலைமை கல்கத்தாவில் இருந்தது. பிரெஞ்சுக்காரரின் தலைமை புதுச்சேரியில் இருந்தது. காரைக்காலும் அவர்கள் வசம் இருந்தது. யாருடைய அங்காடியில் பொருளை வாங்கினார்களோ, அவர்களுடைய வாயிலிருந்தே பெயரையும் பெற்றார்கள் என்று கருதுவதே பொருத்தமாகும்.

அறிவியலிலும் இப்பெயர் இடம்பெற்றது. சுவீடன் நாட்டு லின்னேயசு 1771-ஆம் ஆண்டில் இப்புல்லுக்கு வேறொரு பெயர் சூட்டியிருந்தார். 1822-ஆம் ஆண்டில், போரி த சான்-வான்சான் என்னும் பிரெஞ்சு இயற்கை அறிஞரின் வழியாக 'வெட்டிவேரியா' என்னும் பேரினப் பெயர் தோன்றியது. இவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மொரீசியசையும் ரீயூனியனையும் நேரிற் சென்று ஆராய்ந்தவர். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தாவரவியல் நூல்களில் வெட்டிவேர் என்னும் தமிழ்ச் சொல் இலத்தீன் உடையணிந்து நின்றது. 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறிஞர்கள் வகைப்பாட்டைத் திருத்தி, இதனைக் 'கிரைசோபோகன்' என்னும் பேரினத்துள் சேர்த்துவிட்டனர். கிரேக்க மொழியில் அதற்குப் பொன் தாடி என்று பொருள். ஆய்வகம் கைவிட்ட தமிழ்ப் பெயரை வாசனைக் கடை கைவிடவில்லை. அதனாலேயே அது என் மைத்துனர் மகனின் புட்டி வரை வந்து சேர்ந்தது.

இவ்வேருக்கு இந்தியில் கஸ் என்று பெயர், வடமொழியில் உசீரம், மலையாளத்தில் ராமச்சம், கன்னடத்தில் லாவஞ்சம், தெலுங்கில் வட்டிவேரு. பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் இப்பெயர்களை அறிந்து வைத்துக்கொள்வது நலம். அறியாமையால் நேர்ந்த ஒரு பிழையை நாணத்தோடு ஒப்புக்கொள்கின்றேன். வட மாநில நகரொன்றில் பணியாற்றிய தொடக்க நாள்களில், வெப்பக் காலத்திற்கான அறிவுரைக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கினேன். 'கஸ்' என்றிருந்ததை நான் 'கஸ்கஸ்' என்று எண்ணிக்கொண்டேன். கஸ்கஸ் என்றால் இந்தியில் நம் கசகசா. ஆகவே, சாளரங்களில் கசகசாத் தட்டி கட்டி, அதன்மேல் நீர் தெளிக்க வேண்டும் என்று மிகுந்த பொறுப்போடு எழுதிவைத்தேன். படித்துப் பார்த்த மூத்தவர் ஒருவர், "குருமாவுக்குப் போடுவதைச் சாளரத்தில் கட்டச் சொல்கிறீரே!" என்றார். என் தாய்வீட்டுப் பானையில் ஆண்டுதோறும் ஊறிய வேரை, அயல்மொழிப் பெயரில் வந்தபோது என்னால் இனங்காண முடியவில்லை. புட்டியைப் பார்த்து மயங்கிய இளைஞனை நான் எவ்வாறு கடிந்துகொள்வது?

இனி மணத்திற்கு வருவோம். ஆடவர் வாசனை பூசுவது மேனாட்டு நாகரிகம் என்றொரு எண்ணம் நம்மிடையே உண்டு. சங்க இலக்கியங்களைப் பயின்றோர் இதனை ஒப்பமாட்டார். மன்னரும் வீரரும் மார்பில் சந்தனச் சாந்து பூசிய செய்தி அங்கே பலவிடங்களில் வருகின்றது. சிலப்பதிகாரம் அகிலையும் ஆரத்தையும் கருப்பூரத்தையும் கடல்வழி வந்த செல்வங்களாகக் காட்டுகின்றது. அண்மைக் காலம் வரை திருமண வீட்டின் வாயிலில் ஆண் பெண் வேறுபாடின்றிச் சந்தனமும் பன்னீரும் வழங்கினோம். புனுகும் சவ்வாதும் ஆடவர் பயன்படுத்திய பொருள்களே. ஆணுக்கென ஒரு மணம், பெண்ணுக்கென ஒரு மணம் என்று புட்டிகளைப் பிரித்து விற்பது, ஐரோப்பாவிலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே வலுப்பெற்ற வணிக வழக்கம்.

இவ்வரிசையில் வெட்டிவேர் எளியோரின் வாசனை. சந்தனத்தைப் போல அதற்கு அரசரின் காவல் இருந்ததில்லை. கத்தூரியைப் போல மலைநாட்டிலிருந்து வரவேண்டியதுமில்லை. மணற்பாங்கான நிலத்தில் புல்லாய் வளரும். தோண்டி எடுத்தால் வேரெல்லாம் மணம். அதனைப் பானை நீரில் இட்டோம், தலைக்கெண்ணெயில் ஊறவைத்தோம், விசிறியாகப் பின்னினோம், துணிப் பெட்டியில் பூச்சி அணுகாதபடி வைத்தோம், மாலையாகக் கட்டிப் பிள்ளையாருக்குச் சாத்தினோம். வடக்கே மொகலாய அரண்மனைகளில் அதன் நிலை சற்று உயர்ந்தது. அக்பர் காலத்தில் கஸ் வேர்த் தட்டிகளால் அமைத்த குளிரறைகளைப் பற்றி அபுல் பசல் 'ஆயினி அக்பரி'யில் எழுதியுள்ளார். அத்தர் தொழிலுக்குப் புகழ்பெற்ற கன்னோசி நகரிலோ, செப்புக் கலத்தில் வேரையும் நீரையும் இட்டு, களிமண்ணால் வாயை மூடி, மூங்கிற் குழாய் வழியாக ஆவியை இறக்கி வடிக்கும் முறை இன்றும் வழக்கில் இருக்கின்றது.

ஒரு வாசனை நீர் பூசிய கணம் முதல் மறையும் வரை ஒரே மணமாக இருப்பதில்லை. இதன் காரணம் எளிது. அதில் கலந்துள்ள எண்ணெய்கள் வெவ்வேறு விரைவில் ஆவியாகின்றன. எலுமிச்சை, நாரத்தை இனத்தவை கால் மணி நேரத்தில் பறந்துவிடும். வாசனைக் கலைஞர் இதனைத் தலைமணம் என்பர். மலர்களும் சாதிக்காய், மிளகு போன்ற நறுஞ்சரக்குகளும் சில மணி நேரம் தங்கும்; அது நடுமணம். மரம், வேர், பிசின் ஆகியவை மெல்லப் பிரிந்து நாள் முழுதும் நிற்கும், அதுவே அடிமணம். அடிமணத்தில் நிற்பவை தாம் நிற்பதோடு அமையாது, விரைந்து ஓடும் மணங்களையும் சற்றே பிடித்து நிறுத்துகின்றன. ஒரு கலவையின் குணத்தை முடிவில் நிலைநாட்டுவது இந்த அடிமணமே.

இவ்வாறு மணத்தைப் பிடித்து நிறுத்தும் பொருள்களில் பழங்காலத்தில் மிக உயர்ந்ததாக மதிக்கப்பட்டது அம்பர். அது ஒருவகைத் திமிங்கிலத்தின் குடலில் உண்டாகிக் கடலில் மிதந்து கரை ஒதுங்கும் பொருள். இதனோடு எங்கள் தீவுக் கூட்டத்திற்கு நெடுநாள் தொடர்பு உண்டு. கி.பி. 851-ஆம் ஆண்டில் அரபு மொழியில் தொகுக்கப்பட்ட சீன-இந்தியச் செய்தி நூல் ஒன்று, நிக்கோபார்த் தீவினர் கடந்து செல்லும் மரக்கலங்களை நோக்கித் தோணிகளில் வந்து, அம்பரையும் தேங்காயையும் கொடுத்து இரும்பைப் பெற்றுக்கொண்டதைக் கூறுகின்றது. அயலார்க்கு மணம் வேண்டியிருந்தது. தீவினர்க்குக் கத்திக்கான இரும்பு வேண்டியிருந்தது. இன்று இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அம்பரை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். கத்தூரிக்கும் அதே நிலைதான். விலங்குப் பொருள்கள் அரிதாகி, விலையேறி, தடையும் பெற்ற உலகில், அடிமணம் தர நிலத்துப் பொருள்களின் மதிப்பு உயர்ந்தது. அவற்றுள் ஒன்று வெட்டிவேர்.

ஐரோப்பாவில் ஆடவர் வாசனை நீரின் வரலாறு செர்மனியின் கொலோன் நகரிலிருந்து தொடங்குகின்றது எனலாம். 1709-ஆம் ஆண்டில் அங்கே பரீனா என்னும் இத்தாலியக் குடும்பத்தார் நிறுவிய கடையின் சாராய நீரே, அந்நகரின் பெயரால் உலகெங்கும் 'கொலோன்' எனப்பட்டது. அது பெரும்பாலும் தலைமணமே. முகத்தில் தெளித்தால் குளிர்ச்சி, சற்று நேரத்தில் ஒன்றுமில்லை. 1868-ஆம் ஆண்டில் பெர்க்கின் என்னும் ஆங்கில வேதியியலார் கூமரின் என்னும் நறுமணப் பொருளை ஆய்வகத்தில் ஆக்கினார். 1882-ஆம் ஆண்டில் பாரிசின் ஊபிகான் நிறுவனம் அதனைச் சேர்த்து 'பூசேர் ரோயால்' என்னும் கலவையை வெளியிட்டது. ஆடவர் வாசனையில் பெரியதொரு குடும்பம் அதிலிருந்து கிளைத்தது. வெட்டிவேரும் அக்காலத்தில் அங்கே அறியப்படாததன்று. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே, 'இந்திய மஸ்லின்' என்னும் பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் கொண்ட கலவையொன்றில் வெட்டிவேரே சிறப்பிடம் பெற்றிருந்தது. 1921-ஆம் ஆண்டில் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற மகளிர் வாசனையான ஷனேல் ஐந்தாம் எண்ணின் அடிமணத்திலும் அது உண்டு. ஆயினும் அங்கெல்லாம் அது மேடைக்குப் பின்னால் நின்ற வேலையாள். பெயர் வெளியே தெரியாது.

வேலையாளைத் தலைவனாக்கியது 1950-களின் இறுதி. 1957-ஆம் ஆண்டில் கார்வான் நிறுவனம் 'வெத்திவேர்' என்றே பெயரிட்டு ஆடவர் வாசனை நீர் ஒன்றை வெளியிட்டது. 1959-ஆம் ஆண்டில் ஷிவான்சி நிறுவனம் அதே பெயரில் ஒன்றைக் கொணர்ந்தது. அவ்வாண்டை ஒட்டியே கெர்லான் நிறுவனமும் தன் வெத்திவேரை அளித்தது. அதனை அமைத்த ழான்-போல் கெர்லான் அப்பொழுது இருபதைச் சற்றே கடந்த இளைஞர். ஆரஞ்சு, எலுமிச்சை முதலியன தலைமணமாகவும், மிளகும் சாதிக்காயும் புகையிலையும் நடுமணமாகவும், வெட்டிவேர் அடிமணமாகவும் அமைந்த அக்கலவை இன்றளவும் விற்பனையில் உள்ளது. மூன்று பாரிசு நிறுவனங்கள் மூன்றாண்டு எல்லைக்குள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தம் புட்டிகளில் பொறித்தன. அதன்பின் அச்சொல் ஆடவர் வாசனையில் ஒரு வகையின் பெயராகவே நிலைத்துவிட்டது.

இதனை நூலறிவாக மட்டும் விட்டுவிடாமல், என் மைத்துனர் மகனும் நானும் ஒருநாள் சோதித்துப் பார்த்தோம். காலை எட்டு மணிக்கு அவன் புட்டியிலிருந்து என் மணிக்கட்டில் இரண்டு துளி இட்டான். முதலில் எழுந்தது எலுமிச்சைத் தோலைக் கிள்ளினாற் போன்ற கூர்மை. அரை மணி கழித்து அது அடங்கி, மிளகின் காரமும் புகையிலைப் பெட்டியைத் திறந்த வாடையும் தோன்றின. நண்பகலில், வியர்வைக்கும் உப்புக் காற்றுக்கும் இடையே, மழைக்கு முந்திய வயற்காட்டின் வாடை மெல்ல மேலெழுந்தது. மாலை நான்கு மணிக்கு மற்றவை யாவும் போய்விட்டன. எஞ்சியது வேர் ஒன்றே. அப்பொழுது நான் துணிமுடிச்சை அவிழ்த்து, என் தாயார் அனுப்பிய வேரை அவன் மூக்கருகே நீட்டினேன். அவன் என் மணிக்கட்டை ஒருமுறையும் வேரை ஒருமுறையும் மாறி மாறி முகர்ந்தான். பின்னர் ஒன்றும் கூறாமல் வேரிலிருந்து ஓர் இழையைப் பிய்த்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அகராதிகள் செய்யாத வேலையை அந்த இழை செய்தது.

இரண்டும் முற்றிலும் ஒரே மணம் என்று கூறமாட்டேன். பானை நீரில் இட்ட வேர் குளிர்ந்த மண்ணின் மணத்தையும் சிறிது இனிப்பையும் தருகின்றது. சில நாளில் மணம் குன்றினால், வேரை எடுத்து வெயிலில் உலர்த்தி மீண்டும் இடுகின்றோம். வாலையில் வடித்த எண்ணெயோ கெட்டியானது. அதில் புகையும் மரமும் கசப்பும் கலந்திருக்கும். வேரிலுள்ள கனத்த பொருள்கள் எளிதில் ஆவியாகாமையால், ஒரு பகலும் ஓர் இரவும் கூட விடாது வடிக்க வேண்டும். நூறு கிலோ உலர்ந்த வேரிலிருந்து ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு கிலோ எண்ணெயே கிடைக்கும். அந்த எண்ணெயில் நூற்றுக்கும் மேற்பட்ட கூறுகள் இருத்தலால், ஆய்வகத்தில் அதனை முழுமையாகப் போலி செய்தல் இன்றளவும் கைகூடவில்லை. அக்கூறுகளின் பெயர்களில் மொழிபெயர்ப்பாளனை மகிழ்விக்கும் செய்தி ஒன்று உண்டு. ஒன்றின் பெயர் வெட்டிவோன். அது தமிழிலிருந்து பிறந்தது. மற்றொன்றின் பெயர் குசிமால்; அது கஸ் என்னும் இந்திச் சொல்லிலிருந்து பிறந்தது. அரசியல் மேடையில் சண்டையிடும் இரு மொழிகள் ஒரே துளி எண்ணெயில் ஒற்றுமையாகக் கரைந்து கிடக்கின்றன.

வேரிலும் வடக்கு, தெற்கு என இருவகை உண்டு. இராசத்தானத்துப் பரத்பூர் முதலிய இடங்களில் தானே வளரும் வடநாட்டு வகை பூத்து, விதை ஈன்று பரவுவது. தென்னாட்டில் பயிரிடும் வகை பெரும்பாலும் முளைக்கும் விதை தருவதில்லை. தூரைப் பிரித்து நட்டே பெருக்க வேண்டும். இரு வகை எண்ணெய்களும் ஒளியைத் திருப்பும் திசையில்கூட வேறுபடுகின்றன. வடநாட்டு எண்ணெய் இடப்புறமும் தென்னாட்டு எண்ணெய் வலப்புறமும் திருப்பும். 1990-களில் ஆடம்சு, டாபோர்ன் என்னும் இருவர் பல நாட்டு வெட்டிவேர்களின் மரபுப் பொருளை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். தெற்காசியாவிற்கு வெளியே வளர்க்கப்படுபவற்றுள் மிகப் பெரும்பாலானவை, விதையின்றிப் பெருகும் ஒரே தாய்த்தூரின் வழிவந்தவை என்பது அவர்கள் கண்ட முடிவு. அவ்வகை தென்னாட்டு வகையைச் சார்ந்தது. விதை காற்றில் பறக்கும். பறவை வயிற்றில் பயணம் செய்யும். தூரோ யாரேனும் ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு போனாலன்றி ஓர் அடியும் நகராது. எனவே உலகெங்கும் இவ்வேர் பரவியிருப்பதே, மனிதர் மூட்டைகளில் அது சென்றது என்பதற்குச் சான்றாகும்.

அம்மனிதர் யாவர் என்று பெயர் குறித்துச் சொல்ல இயலாது. ஆயின் வழிகள் தெரிந்தவையே. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு, 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் பல்லாயிரவர் சென்றனர். 1860-ஆம் ஆண்டில் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கை அதற்கு வாயிலைத் திறந்தது. 1882-ஆம் ஆண்டில், கூலிகள் படும் துன்பம் கண்டு பிரிட்டிஷ் இந்திய அரசு அதனை மூடிற்று. அங்கே தங்கிவிட்டவர் வழித்தோன்றல்கள் இன்று 'மலபார்' எனப்படுகின்றனர். அவர்களுட் பலர் தமிழ் பேச்சை இழந்துவிட்டனர். அதே தீவில் விளைந்த வெட்டிவேர் எண்ணெய், 'பூர்போன்' என்னும் அடைமொழியோடு வாசனை உலகில் முதல்தரம் எனப் பெயர்பெற்றது. மக்கள் மொழியை இழந்தனர். அவர்கள் ஊர்ச் சொல் மட்டும் புட்டியின் மேல் நிலைத்தது. புலம்பெயர்ந்து வாழும் நாம் இதனை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இன்று இவ்வெண்ணெயை மிகுதியாக உலகிற்கு அளிப்பது கரீபியக் கடலிலுள்ள ஐத்தி நாடு. சாவகத் தீவில் இதற்கு 'ஆக்கார் வாங்கி', அதாவது நறுமண வேர், என்று பெயர். அங்கேயும் எண்ணெய் வடிக்கின்றனர். ஐத்தியில் இத்தொழிலை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் லூயி தெசுவா என்னும் வேளாண் அறிஞர். கார்வான் வெத்திவேர் வெளிவந்த அதே 1957-ஆம் ஆண்டில் அவர் அந்நாட்டின் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று துவாலியே என்பாரிடம் தோற்றார். பின்னர் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. அந்நாட்டுத் தென்பகுதிக் குன்றுகளில் சிறு உழவரே இன்றும் இதனைப் பயிரிடுகின்றனர். வேர் முதிரப் பதினெட்டு மாதமேனும் ஆகும். கையில் காசில்லாத உழவன் அதுவரை காத்திருக்க முடியாமல் இளவேரையே தோண்டி விற்கின்றான். எண்ணெயும் குறைகின்றது, தோண்டிய சரிவில் மழை விழுந்து மண்ணும் கரைந்து கடலிற் சேர்கின்றது.

இங்கே ஒரு முரண்பாடு உண்டு. மண்ணுக்குள் நிற்கும்வரை இவ்வேரைப் போல நிலத்தைக் காக்கும் பயிர் அரிது. மூன்று நான்கு மீட்டர் ஆழம் வரை செங்குத்தாக இறங்கிச் சரிவைத் தைத்தது போலப் பிடித்துக்கொள்ளும். கருநாடகத்துக் குண்டலுப்பேட்டைப் பகுதி உழவர் தலைமுறை தலைமுறையாக இதனை வயல் வரப்பில் வேலியாக நட்டு வந்தனர். 1980-களில் உலக வங்கியின் வேளாண் வல்லுநர்கள் அதனைக் கண்டு, பல நாடுகளுக்கும் எடுத்துரைத்தனர். ஆண்டிற்கு மூவாயிரம் மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் தெற்கு அந்தமானின் சரிவுகளில் வாழும் எங்களுக்கு இதன் பயன் சொல்லாமலே விளங்கும். நிற்கும் வேர் நிலத்தைக் காக்கும். தோண்டிய வேர் மணத்தைத் தரும். இரண்டையும் ஒருங்கே பெற வேண்டுமானால், முதிரும் வரை காத்திருப்பதற்குரிய விலையை உழவன் பெறவேண்டும். புட்டிக்குக் கொடுக்கும் விலையில் வேரைத் தோண்டியவனுக்குச் சேரும் பங்கு மிகச் சிறிது.

ஊருக்குப் புறப்படுமுன் என் மைத்துனர் மகன் மீண்டும் கேட்டான்: "அப்படியானால் இந்த வாசனை நம்முடையதுதானே, மாமா?" முதலில் தமிழ் என்றதற்கு நகைத்தவன், இப்பொழுது எல்லாமே தமிழ் என்று சொல்ல ஆயத்தமாகிவிட்டான். அதனையும் தடுக்க வேண்டியதாயிற்று. சொல் நம்முடையது; அதற்குச் சான்று உண்டு. வேர், தென்னாட்டு மண்ணில் மக்கள் பேணி வளர்த்தது. அதற்கும் சான்று உண்டு. வடிப்பதில் கன்னோசியின் கைத்திறனும் ஐத்தியின் உழைப்பும் இருக்கின்றன. தலைமணம், நடுமணம், அடிமணம் என்று அளந்து கோத்த கலை பாரிசினுடையது. உள்ளதை உள்ளவாறு கூறினால் நம் பங்கு குறைந்துவிடாது. எதையும் நம்முடையது என்று கூறிக்கொண்டிருந்தாலோ, உண்மையில் நம்முடையதையும் பிறர் நம்பமாட்டார்.

அவன் சென்ற பின் வேர்க்கட்டில் ஒரு பாதியைப் பானையில் இட்டேன். அண்டை வீட்டு வங்காள அம்மையார் நீர் அருந்திவிட்டு, "கஸ் தானே?" என்று இந்தியில் வினவினார். ஆம் என்றேன்; எங்கள் மொழியில் வெட்டிவேர் என்றும் கூறினேன். அவர் இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். தாயாருக்கு எழுதும்போது, உலர்ந்த வேர் முளைக்காதாகையால், அடுத்து வருபவர் கையில் தூர் கிடைக்குமா என்று கேட்டிருக்கின்றேன். கிடைத்தால், எங்கள் வீட்டுப் பின்புறச் சரிவில் மழைக்கு முன் நட்டுவிடலாம். நேயர்களே, நீங்கள் எம்மாநிலத்தில் இருப்பினும், இக்கோடையில் உங்கள் இல்லப் பானையில் ஒரு பிடி வெட்டிவேர் இட்டு, குழந்தைகளுக்கு அந்த நீரோடு அதன் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.